இடுப்புக்கு மேல் இரண்டு விரல்

கப்பல் அறையின் கதவுக்கு அடியில் யாரோ தள்ளிவிட்டுப் போயிருந்த தாளை லிஃப்ட்காரர் முதுகை வளைக்காமல், முழங்காலை மட்டும் மடக்கி எடுத்தார். கீழே கிடக்கும் எதையும் ஒன்றரை வருடமாக அவர் அப்படித்தான் எடுக்கிறார். ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தார்.

இன்று விருந்து மாலை என்றது தாள். ஏழு மணிக்குப் பெரிய உணவு மண்டபத்துக்கு வருகிற ஆண்கள் கோட்டும் டையும் அணிந்திருக்க வேண்டும். பெண்கள் நீளமான கவுனோ, பட்டுப்புடவையோ, அதற்கு ஈடான எதுவோ உடுத்தலாம். ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு கூடாது. இந்தப் பயணத்தில் இப்படி இரண்டு மாலைகள். இன்று ஒன்று, ஐந்தாம் நாள் இன்னொன்று. இஷ்டமில்லாதவர்கள் மேல்தளத்தில் சாதாரண உடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவர் மூன்று தடவை படித்தார்.

குளியலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"மேல்தளத்துல சாதாரணமா சாப்பிடலாம்னு போட்டிருக்கு."

"அவ்வளவு பெரிய தாள்ல அது மட்டுந்தான் போட்டிருக்கா?"

அவர் தாளை நீட்டினார். அவள் முழுதும் படித்துவிட்டுக் கட்டில்மேல் வைத்தாள். இருபது வருடமாகப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவள். அமிலத்தை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றப் பழகிய கை அவளுடையது. பேச்சும் அப்படித்தான், தேவைக்கு மேல் ஒரு சொட்டு விழாது.

முப்பத்தொரு வருடமாக ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவர் அவர். காவலாளி முதல் கம்பெனி முதலாளி வரை எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். கம்பி அறுந்தாலும் மோட்டார் நின்றாலும் பதறாத மனுஷன். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெருங்குடலில் கட்டி. டாக்டர் வெட்டி எடுத்துவிட்டு, முழுசாக வந்துவிட்டது என்றார். ஆனால் தொப்புளுக்கு இடப்பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு திறப்பு வைக்க வேண்டியதாகிவிட்டது. அதன்மேல் ஒட்டுகிற மாதிரி ஒரு பை. வெளியே போக வேண்டியது இனி அந்த வழியாகத்தான் போகும். எப்போது போகும், சத்தத்தோடு போகுமா, சத்தமில்லாமல் போகுமா என்று அவரைக் கேட்டுக்கொண்டு போகாது.

இது டாக்டருக்கும் நர்ஸுக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். வெளியூரில் இருக்கும் மகனிடமும் உறவுக்காரர்களிடமும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி முடித்துக்கொண்டார். "என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணு, உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்னு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே மனைவியிடம் வாங்கிக்கொண்டார். வேலைக்குப் போவதில் சிக்கல் இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாகத் தைத்த தொளதொள உடுப்பு எதையும் மறைத்துவிடும். கல்யாணம், கிரகப்பிரவேசம், யார் வீட்டுச் சாப்பாடு என்றாலும் வேலை இருக்கிறது, கால் வலிக்கிறது என்று கழன்றுகொண்டார். முக்கியமாக மனைவியின் அண்ணன் வீட்டுக்கு. அவர் டயர்க்கடை வைத்திருப்பவர். வாய் ஓயாமல் பேசுவார், நாலு பேர் நடுவில் கேலி செய்வார், கிட்ட வந்து கட்டிப் பிடிப்பார். கட்டிப் பிடித்தால் பை கசங்கும்.

அந்த டயர்க்கடை மச்சான்தான் ஒருநாள் யாரையும் கேட்காமல் நாலு பேருக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். லிஃப்ட்காரர் வழக்கம்போல வேலை என்று ஆரம்பித்தார். மனைவி குறுக்கிட்டாள். "ஒன்றரை வருஷமா நான் உங்களை எதுவும் கேக்கலை. இது ஒண்ணு கேக்கறேன்." அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கோட்டு, சட்டை, பேண்ட் எல்லாம் கட்டில்மேல் விரிந்து கிடந்தன. மகன் பட்டம் வாங்கியபோது எடுத்த கறுப்புக் கோட்டு சூட்டு. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது கிலோ இளைத்திருந்தார். பேண்டைப் போட்டுக் கையை விட்டால் அது நேரே தரைக்குப் போயிற்று. பெல்ட் போட்டு இறுக்கினால் பெல்ட் சரியாகத் திறப்பின் மேலேயே உட்கார்ந்தது. கீழே இறக்கிப் போட்டால் பேண்ட் தொங்கியது. மேலே ஏற்றிப் போட்டால் பை நடுவில் மடிந்து, நிரம்ப இடமில்லாமல் பிதுங்கியது. கண்ணாடியில் பார்த்தார். இடப்பக்கம் மட்டும் யாரோ ஒரு பன்னைச் செருகி வைத்த மாதிரி இருந்தது.

"கோட்டுப் பட்டனைப் போட்டா தெரியாதுங்க" என்றாள் மனைவி.

"உட்காந்தா கோட்டு மேல ஏறிடும். எல்லாரும் நிமிந்து பாக்கறப்ப இது வேற சத்தம் போடும். நீ போயிட்டு வா. எனக்குக் கப்பல் ஒத்துக்கலை, தலை சுத்துதுன்னு சொல்லிடு."

கடல் அன்று கண்ணாடித் தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. அவள் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, தோடு போட்டுக்கொண்டு, தனியாகப் போனாள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

"அண்ணா குடுத்தார். மோந்து பாத்தா தலைசுத்தல் நிக்குமாம். நேர்ல பாக்க வரேன்னார். தூங்கறார்னு சொல்லிட்டேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"சாப்பிட்டியா?"

"இல்லை." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் அறைக்கு வரவழைத்துச் சாப்பிட்ட தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்துப் பிய்த்தாள். "உங்க நாற்காலி என் பக்கத்துல காலியா இருந்துச்சு. அடுத்த மேசைக்காரன் ஒருத்தன் வந்து, யாரும் வரலைதானேன்னு கேட்டு, அதுல தன் கோட்டைக் கழட்டிப் போட்டான். அதைப் பாத்துக்கிட்டு என்னால சாப்பிட முடியலை."

குறை சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. அதனாலேயே அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பட்டுப்புடவையும் தோடுமாக, காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தவளை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில், பழக்கதோஷத்தில், கப்பலின் லிஃப்டில் ஏறி அதன் ஓட்டத்தைக் காது கொடுத்துக் கேட்டபடியே கடைசித் தளம் வரை போனார். அங்கே பயணிகள் யாரும் இல்லை. நீளமான வெள்ளை நடை, சலவை எந்திரங்களின் இரைச்சல், இஸ்திரி ஆவி. சலவைக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவில் "துணி திருத்தம்" என்று எழுதியிருந்தது. கதவைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டினார். மூன்றாவது தடவை மெஷின் நின்றது.

"லிஃப்ட் அந்தப் பக்கம்" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்.

"லிஃப்ட் எங்க இருக்குன்னு தெரியும்" என்றார். சொன்ன பிறகு உள்ளே போகாமல் இருக்க முடியவில்லை.

ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் அந்தத் தையல்காரம்மாவுக்கு. மணிக்கட்டில் குண்டூசி மெத்தை, மடியில் யாரோ ஓர் அதிகாரியின் வெள்ளைச் சட்டை. பெண்பிள்ளையாக இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பேண்டின் இடுப்பைத் திருத்த வேண்டும் என்றார். எவ்வளவு பிடிக்கணும் என்று அவள் கேட்டாள். பிடிக்கக் கூடாது, ஆனால் நிற்க வேண்டும், பெல்ட் போட முடியாது என்று மென்று விழுங்கினார். அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வயித்துல ஆபரேஷன். ஒரு பை இருக்கு" என்றார் கடைசியில். ஐந்தே வார்த்தை. சொல்லி முடித்ததும் மாடிப்படி ஏறினவர் மாதிரி மூச்சு வாங்கியது.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"தொப்புளுக்கு மேலயா, கீழயா?"

"கீழ."

"அப்ப சுலபம்." அவள் எழுந்து வந்தாள். "இடுப்புக்கு மேல ரெண்டு விரல் ஏத்திடறேன். பட்டி திறப்பைத் தாண்டி மேல உட்காரும். முன்னாடி உள்பக்கம் மெத்துனு ஒரு பருத்தித் துணி, அதுல ஒரு மடிப்பு அதிகம் விடறேன். பை தன்பாட்டுக்குத் தொங்கலாம். பெல்ட் வேண்டாம். உள்ள பட்டன் வெச்சுத் தோள்ல மாட்டற வார் போட்டுக்கலாம். பாரமெல்லாம் தோளுக்குப் போயிடும், வயித்துல ஒண்ணும் அழுத்தாது."

பாரத்தை எங்கே தொங்கவிடுவது என்பது அவர் தொழில். அவள் சொன்னது அவருக்கு நொடியில் புரிந்தது. இந்தச் சின்ன விஷயம் ஒன்றரை வருடமாகத் தனக்குத் தோன்றாமல் போனதே என்று வியப்பாக இருந்தது.

"வார் வெளிய தெரியாதா?"

"வெயிஸ்ட்கோட் போட்டு மூடிடலாம்." அலமாரியைத் திறந்து கறுப்பாகக் கையில்லாத உள்கோட்டு ஒன்றை எடுத்து உதறினாள். "முன்னாடி இங்க வேலை பாத்த வாத்தியக்காரர் விட்டுட்டுப் போனது. நீளமா இருக்கும்." டேப்பை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டபடியே சொன்னாள். "நீங்க ஒண்ணும் முதல் ஆள் இல்லை. கப்பல்ல பதினேழு வருஷமா இருக்கேன். பை வெச்சவங்க, கட்டைக்கால் வெச்சவங்க, ஒரு பக்க மாரை எடுத்தவங்க, எல்லாரும் இந்த ஸ்டூல்ல ஏறி நின்னிருக்காங்க. சாயங்காலம் மேல போய்ச் சாப்பிட்டுட்டுத்தான் தூங்கினாங்க. கையைத் தூக்குங்க."

அவர் கையைத் தூக்கினார்.

நாலாம் நாள் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டாள். உட்காரச் சொன்னாள், எழச் சொன்னாள், நடக்கச் சொன்னாள். "வயிறு முட்டச் சாப்பிட்ட மாதிரி ஊதுங்க" என்றாள். ஊதினார். பேண்ட் இடம் கொடுத்தது. கீழே விழுந்த குண்டூசி ஒன்றை அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் முதுகை வளைத்துக் குனிந்தோம் என்பதே உறைத்தது.

ஐந்தாம் நாள் ஆறரைக்கு மனைவி அவருக்கு டை கட்டிவிட்டாள். புதுப் பை மாற்றியிருந்தார். மதியம் அரைவயிறுதான் சாப்பிட்டிருந்தார். கண்ணாடியில் தெரிந்த ஆளுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றாள்.

"உங்க அண்ணனுக்கு நான் மாப்பிள்ளைதானே."

அவள் சிரித்துக்கொண்டே முந்தானையைச் சரிசெய்தாள். ஊதாப் பட்டு, முத்துத்தோடு.

மண்டபத்து வாசலில் டயர்க்கடை மச்சான் தம்பதியாக நின்றிருந்தார். அவருடைய நீலக் கோட்டு ஓர் அளவு சின்னது. பட்டன் போட்ட இடத்தில் துணி நட்சத்திரம் மாதிரி நாலாபக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது. "வாங்க மாப்பிள்ளை, தலைசுத்தல் தேவலையா?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டிப் பிடிக்கவில்லை. வழக்கமான கேலியும் இல்லை. ஏதோ யோசித்து யோசித்துப் பேசுகிற மாதிரி இருந்தது. கோட்டு இறுக்கம் போலிருக்கிறது என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார்.

மேசையில் அவர்கள் நாலு பேர். கூட, ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இரண்டு பேர், அக்கா தங்கை. வெள்ளை விரிப்பு, மூன்று அளவில் கிளாஸ்கள், சூப். லிஃப்ட்காரர் நாலு கரண்டி சூப் குடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கேப்டன் எழுந்தார். கிளாஸை உயர்த்தினார். முந்நூறு பேர் இருந்த மண்டபம் கப்சிப் என்று அடங்கியது. "நம்மோடு பயணம் செய்யும் எல்லோருடைய உடல்நலத்துக்காகவும்" என்று சொல்லி அவர் நிறுத்தின அந்த இடத்தில், லிஃப்ட்காரரின் வெயிஸ்ட்கோட்டுக்கு உள்ளிருந்து சத்தம் வந்தது. சின்னச் சத்தம் இல்லை. ஈரத்தரையில் நாற்காலியை இழுத்த மாதிரி, நீளமாக, கடைசியில் ஒரு சுழிப்போடு.

லிஃப்ட்காரருக்கு உயிரே போய்விட்டது. காது இரண்டும் கொதித்தன. எழுந்து ஓடலாமா என்று கையை மேசைமேல் ஊன்றினார். அதற்குள் பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

டயர்க்கடை மச்சான் வயிற்றில் கையை வைத்தபடி பாதி எழுந்து நின்றார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. "மன்னிச்சுக்குங்க" என்றார் மேசைக்குப் பொதுவாக. "என்னாலதான். மத்தியானம் கொஞ்சம் வளைச்சுக் கட்டிட்டேன்."

"அதனால என்ன" என்றாள் ஆசிரியை அக்கா. "கடல்காத்து எல்லார் வயித்தையும் புரட்டும். உட்காருங்க." தங்கை தலையைக் குனிந்து நாப்கினால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மச்சான் உட்காரவில்லை. "இதோ வந்துடறேன்" என்று வெளியே நடந்தார். லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே போங்க என்றாள்.

வெளித்தளத்தில் மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மேற்கே வெளிச்சம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. கோட்டுப் பட்டனைக் கழற்றிவிட்டிருந்தார்.

"மச்சான்" என்றார் லிஃப்ட்காரர். "எனக்காக நீங்க ஏன்..."

"மாப்பிள்ளை, ஒரு விஷயம் கேக்கறேன், சிரிக்காதீங்க." மச்சான் குரலைத் தாழ்த்தினார். "எப்படி வந்துச்சுன்னே எனக்குத் தெரியலை. வரப்போகுதுன்னு ஒரு அறிகுறி இல்லை, வந்தப்பவும் ஒண்ணும் தோணலை. சத்தம் மட்டும் கேக்குது. உணர்ச்சியே இல்லாம போறதுன்னா அது ஏதோ நரம்புக் கோளாறுதானே? ஊருக்குப் போனதும் டாக்டரைப் பாக்கணும்."

லிஃப்ட்காரர் அவரையே பார்த்தார். காப்பாற்றுவதற்காக எழுந்து நின்றார் என்றல்லவா நினைத்திருந்தார். மனுஷன் நிஜமாகவே தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, அடக்க அடக்க மேலே ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கன்னு சொன்னேன்" என்றார் மச்சான் வருத்தமாக.

"அது உங்களது இல்லை மச்சான். என்னுது."

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாதீங்க. நான் எழுபது கிலோ இருந்தப்பவே எனக்கு வாயுத் தொல்லை உண்டு."

லிஃப்ட்காரர் அவர் கையைப் பிடித்து, வெயிஸ்ட்கோட்டின் இடப்பக்கம் கீழே கொண்டுபோய் வைத்தார். துணிக்குள்ளே பிளாஸ்டிக் மெல்லச் சரசரத்தது. மச்சானின் விரல்கள் நின்றன. பிறகு லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ரத்தம், கட்டி, ஆபரேஷன், பை. குடலிறக்கம் என்று சொன்னது பொய் என்பதையும்.

மச்சான் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"இப்ப எப்படி?"

"மூணு மாசத்துக்கு ஒருதடவை பாக்கறாங்க. கப்பலேறறதுக்கு முந்தின வாரம்கூடப் பாத்தாங்க. ஒண்ணும் இல்லை."

"இல்லைன்னே சொல்லிட்டாங்களா?"

"இல்லைன்னுதான் சொன்னாங்க."

மச்சான் கைக்குட்டையை எடுத்துப் பெரிசாக மூக்கைச் சிந்தினார். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? கடைசியா எங்க வீட்டுக்கு வந்தப்ப, எல்லார் முன்னாடியும் உங்களைக் கேலி பண்ணேன். ஆயுசு பூரா மேலயும் கீழயும்தான் போயிருக்கார், குறுக்க பத்தடி போனதில்லைன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வாரத்துலேருந்து நீங்க வீட்டுப்பக்கம் வரலை. போன் பண்ணா தங்கச்சி ரெண்டு வார்த்தையில வெச்சுடுவா. என் நாக்குதான் காரணம்னு ஒன்றரை வருஷமாப் புழுங்கிக்கிட்டிருந்தேன். மன்னிப்புக் கேக்க வாய் வரலை. அதான் கப்பல். குறுக்க எவ்வளவு தூரம் வேணாலும் போகட்டும்னு."

"அந்தக் கேலி எனக்கு ஞாபகமே இல்லை மச்சான்."

"நிஜமாவா?"

"அன்னிக்கு வயித்துவலி. எதுவும் காதுல விழலை."

மச்சான் மார்பிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. அவருக்குள்ளும் ஏதோ ஒரு பெல்ட் தளர்ந்த மாதிரி இருந்தது. "கட்டிப் பிடிக்கலாமா? வலிக்குமா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் கேட்டுவிட்டுக் கட்டிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. வலப்பக்கமாகச் சாய்ந்து, பீங்கானைத் தூக்குகிற மாதிரி பிடித்தார்.

அவர்கள் உள்ளே திரும்பி வந்தபோது சூப்புக்கு அடுத்த சாப்பாடு பரிமாறியிருந்தார்கள். மனைவி இருவர் முகத்தையும் பார்த்தாள். அண்ணனின் கண் சிவந்திருப்பதைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த முள்கரண்டி தானாகக் கீழே இறங்கியது.

"ஏன்மா, என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் மச்சான், மெதுவாக.

"சத்தியம் வாங்கிட்டார்ணா." ஒரு சொட்டு விழுந்தது, பிறகு பல சொட்டுகள். அண்ணி விஷயம் தெரியாமலேயே எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "யாராவது எனக்குச் சொல்லுங்களேன்" என்றாள். மச்சான் அவள் காதில் சொன்னார். அவள் லிஃப்ட்காரரைப் பார்த்து, "இதுக்குப் போயா அண்ணா எங்க வீட்டுக்கு வராம இருந்தீங்க? எங்க வீட்டுல ரெண்டு கழிப்பறை இருக்கு" என்றாள். அழுதுகொண்டிருந்தவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

லிஃப்ட்காரருக்கு நல்ல பசி. தட்டிலிருந்ததை ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். நடுவில் ஒருதடவை, முன்னைப்போல இல்லாமல் சின்னதாக, மறுபடி சத்தம் வந்தது.

"இது யாரு?" என்றார் மச்சான் சந்தேகமாக.

"நான்தான்" என்றார் லிஃப்ட்காரர், அடுத்த வாயை எடுத்துக்கொண்டே.

ஆசிரியைத் தங்கை இந்தமுறை நாப்கினைத் தேடவில்லை, வாய்விட்டே சிரித்தாள். பரிமாறுகிறவர் வந்து, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டார். லிஃப்ட்காரர் தட்டை முன்னால் தள்ளினார். மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்று சாயங்காலம் முதன்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.